லீவர் கல்லாக இருந்தால் நல்ல பிரேக்கா? கேண்டிலீவர் கேள்வி பதில்

மலை இறங்கும் முன் பிரேக்கைப் பாருங்கள் என்று போன வாரம் ஒரு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது கேண்டிலீவர் பற்றி. சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கை நின்று, நடுவே உள்ள குறுக்குக் கம்பியை இழுத்ததும் ரப்பரை ரிம்மில் அழுத்தும் பழைய வகை பிரேக் அது. பழைய டூரிங் சைக்கிளைத் தேடிப் பிடித்து, பக்கப் பைகளை மாட்டிக்கொண்டு, தாப்பாவிலிருந்து 59-ஆம் எண் சாலையில் கேமரன் மலை ஏறுகிறவர்கள் நம்மில் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. சந்தோஷம். நான் செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், சைக்கிள் என் பழைய பைத்தியம். தெரிந்ததைச் சொல்கிறேன். நம் பக்கம் கட்டை என்றால் மைல் கல். இங்கே நான் கட்டை என்பதெல்லாம் பிரேக் ரப்பர், குழம்ப வேண்டாம்.

அண்ணே, பழைய டூரிங் சைக்கிள் ஒன்று கிடைத்தது. கடைத் தவுக்கே "இது பழங்காலத்து பிரேக், வி பிரேக் போட்டுவிடு" என்கிறார். போடலாமா? (தாப்பா)

அவசரப்படாதே தம்பி. வி பிரேக்கில் கை நீளம், குறுக்குக் கம்பி கிடையாது, கேபிள் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நேராகப் போகும். ஹேண்டில் எப்படி? நேர் ஹேண்டில் என்றால் வி பிரேக்கையும் அதற்குரிய லீவரையும் சேர்த்து வாங்கிப் போடலாம். ஃபோர்க்கில் பற்றவைத்த அதே முளைமேல்தான் இரண்டு வகையும் உட்காரும். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில் என்றால் கதை வேறு. அந்தப் பழைய லீவர் இழுக்கும் கேபிள் வி பிரேக்குக்குப் போதாது. கட்டை ரிம்மைத் தொட்டு இறுகும் முன்பே லீவர் ஹேண்டிலில் வந்து முட்டும். கை குட்டையான மினி வி இருக்கிறதுதான், ஆனால் தடித்த டயரும் மட்கார்டும் அதற்கு அடியில் நுழைவது கஷ்டம்.

ஜப்பானின் ஷிமானோ கம்பெனி வி பிரேக்கைக் கொண்டுவந்தது 1996-இல். அதற்கு முன் மூட்டை கட்டிக்கொண்டு நாடு நாடாகப் போனவர்களில் பலர் இந்தப் பழங்காலத்து பிரேக்கில்தான் போனார்கள். ஒழுங்காகக் கட்டினால் நிற்கும்.

ஐயா, லீவர் கல்லு மாதிரி இருக்கிறது. ஆனால் வண்டி நிற்கவே மாட்டேன் என்கிறது. (பீடோர்)

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். கடையில் வண்டியை நிறுத்தி, லீவரை இரண்டு அழுத்து அழுத்தி, இறுக்கமாக இருந்தால் "நல்லாயிருக்கு" என்கிறோம். கேண்டிலீவரில் பெரும்பாலும் அது தலைகீழ். விரலின் பலம் ரிம்முக்குப் போய்ச் சேராத லீவர்தான் கல்லாக இருக்கும்.

முதலில் லீவரையே பாருங்கள். யாராவது வி பிரேக் லீவரை மாட்டி வைத்திருக்கலாம். அது ஏறக்குறைய இரண்டு மடங்கு கேபிளை இழுக்கும், பலம் பாதியாகும். அப்படியென்றால் வேறெதையும் தொடாமல் லீவரை மாற்றுங்கள்.

லீவர் சரிதான் என்றால் கோளாறு குறுக்குக் கம்பியில். லீவரிலிருந்து வரும் கேபிள் நேராக இறங்கி ஒரு சின்ன முக்கோணத் தகட்டில் முடிகிறது. அதைக் கொக்கி என்று சொல்லிக்கொள்வோம். அந்தக் கொக்கியில் மாட்டிய துண்டுக் கம்பி, இரண்டு பிரேக் கைகளையும் கூரை மாதிரி இணைக்கிறது. அந்தக் கூரை எவ்வளவு சரிவு என்பதில்தான் விஷயம்.

துணிக்கொடி கட்டியிருப்பீர்கள். விறைப்பாக, கிட்டத்தட்ட மட்டமாக இழுத்துக் கட்டிய கொடியில் ஈரக் கைலி ஒன்றைப் போட்டாலே இரண்டு முனை ஆணியும் பிடுங்கிக்கொண்டு வரும். தொளதொளவென்று தொங்கும் கொடியில் போர்வையே போட்டாலும் ஆணிக்கு ஒன்றும் ஆகாது. குறுக்குக் கம்பியும் அதேதான், என்ன, தலைகீழாக நிற்கிறது. கொக்கி டயரை நோக்கித் தாழ்ந்து கம்பி மட்டமானால், கைகளை இழுக்கும் விசை பெருகும். கொக்கி மேலே ஏறிக் கூரை செங்குத்தானால் விசை குறையும், லீவர் கல்லாகும். கணக்காகவே சொல்கிறேன். கம்பி மட்டத்திலிருந்து 60 டிகிரி ஏறி நின்றால், லீவர் கேபிளின் இழுவையில் 58 சதவீதம்தான் ஒவ்வொரு பக்கக் கம்பிக்கும் வரும். 30 டிகிரிக்கு இறக்கினால் முழு இழுவையும் ஒவ்வொரு பக்கத்துக்கும் வரும்.

அப்படியென்றால் டயரில் உரசுகிற வரை இறக்கிவிடலாமே என்று தோன்றும். முடியாது. தாழ்த்தத் தாழ்த்த அதிகக் கேபிளை இழுக்க வேண்டியிருக்கும், கடைசியில் லீவர் ஹேண்டிலில் முட்டும். நான் செய்வது இதுதான்: கொக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் முழு பலத்தோடு அழுத்திப் பார்ப்பேன். லீவருக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம் மிஞ்சும்போது நிறுத்திவிடுவேன். டயருக்கும் கம்பிக்கும் நடுவே 2 சென்டிமீட்டராவது விடுங்கள். தோட்டத்துச் செம்மண் மழையில் டயரோடு எப்படி அப்பிக்கொண்டு வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு வேறுபாடு உண்டு. பிரேக் கைகள் ஃபோர்க்கை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் வகையில் கொக்கியின் உயரம்தான் எல்லாம். இறக்கை மாதிரி இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும் பழைய வகையில், கொக்கியைச் சற்று ஏற்றி இறக்கினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. கம்பி மட்டமானால் இழுவை கூடுகிறது, ஆனால் கையை இழுக்கும் கோணம் கெடுகிறது. அங்கே, கைக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 90 டிகிரி வரும்படி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். கொக்கிக்குப் பதிலாக நீளம் மாற்ற முடியாத இணைப்புக் கம்பி போட்ட வண்டிகளும் உண்டு. அதைக் கழற்றிவிட்டு, ஏற்றி இறக்கக்கூடிய கொக்கி போடுவதுதான் என் வழக்கம்.

பிரேக் பிடித்தால் வீச்சென்று கத்துகிறது, லயமே எட்டிப் பார்க்கிறது. (சிலிம் ரிவர்)

கட்டையின் முன்முனை முதலில் ரிம்மைத் தொட வேண்டும், பின்முனை ஒரு மயிரிழை தள்ளி நிற்க வேண்டும். பழைய வங்கி அட்டை ஒன்றை எடுத்து, கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே செருகி, லீவரை அழுத்திப் பிடித்தபடி கட்டையின் நட்டை முடுக்குங்கள். அட்டையின் கனம் 0.76 மில்லிமீட்டர், இதற்கென்றே செய்த மாதிரி. முன்முனை என்பது சக்கரம் முன்னோக்கிச் சுற்றும்போது ரிம் போய்க்கொண்டிருக்கும் திசையில் உள்ள முனை. இதைத் தலைகீழாக வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அப்புறம் சத்தம் கூடத்தான் செய்யும். ரிம்மில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள்.

அண்ணா, சத்தம் இல்லை. ஆனால் முன் பிரேக் பிடித்தால் ஃபோர்க்கே கடகடவென்று நடுங்குகிறது. பயமாக இருக்கிறது. (கம்பார்)

பயப்படுவது சரிதான் தங்கச்சி, அதோடு மலை இறங்க வேண்டாம். முதலில் ஹெட்செட்டில், அதாவது ஹேண்டிலும் ஃபோர்க்கும் திரும்பும் பேரிங்கில், ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் தெரிந்துவிடும்.

ஆட்டம் இல்லை என்றால் காரணம் கேபிள் உறை முடியும் இடம். அது ஹெட்செட்டுக்கு மேலே இருக்கிறது, பிரேக் கீழே இருக்கிறது. பிரேக் பிடித்ததும் ஃபோர்க் பின்னால் வளைகிறது. அப்போது இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடி, கேபிள் தானாகவே இன்னும் இறுகுகிறது. இறுகியதும் ஃபோர்க் இன்னும் வளைகிறது, கட்டை வழுக்கியதும் திரும்பி வருகிறது. இப்படியே வினாடிக்குப் பல தடவை. கேபிள் உறையை ஃபோர்க்கின் தலையிலேயே நிறுத்தும் சின்னத் தாங்கி ஒன்று விற்கிறது, மட்கார்ட் போல்ட் துளையில் மாட்டலாம். பெரும்பாலும் அதோடு நடுக்கம் போய்விடும்.

தனியாகக் கட்டினால் கை இரண்டு போதவில்லை. (தெலுக் இந்தான்)

எனக்கும் போதாது. பழைய டியூபை வெட்டி, இரண்டு கட்டையும் ரிம்மை ஒட்டி நிற்கும்படி சக்கரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டால் மூன்றாவது கை கிடைத்த மாதிரி. ரிம் கோணல் இல்லை, சக்கரம் ஃபோர்க்கில் முழுசாக உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். முளையில் துரு இருந்தால் தேய்த்து, கிரீஸ் லேசாகத் தடவுங்கள். ஸ்பிரிங் முனை இரண்டு பக்கமும் ஒரே துளையில் இருக்கட்டும். முளை போல்ட்டை மாட்டைக் கட்டுகிற மாதிரி முடுக்காதீர்கள். முளை உப்பிவிடும், பிறகு கை சுழலாது. கட்டை, குறுக்குக் கம்பி, கேபிள் என்ற வரிசையில் போங்கள். முடிந்ததும் பத்துத் தடவை பலமாக அழுத்தி, நழுவியதை மறுபடியும் முடுக்குங்கள்.

கட்டை எப்போது மாற்ற வேண்டும்? (சுங்கை சிப்புட்)

நான் மாற்றியதை விட முன்னாலேயே. கேண்டிலீவரின் முளை ரிம்முக்குக் கீழே இருப்பதால், கட்டை தேயத் தேய, உள்ளே வரும்போது கீழேயும் இறங்கும். ஒரு தடவை ரிங்லெட் தாண்டி இறங்கும்போது பின் கட்டை ரிம்முக்கு அடியில் நழுவி ஸ்போக்கில் மாட்டிக்கொண்டது. மூன்று ஸ்போக் போயிற்று. வேகம் குறைவு, பின் சக்கரம் வேறு, அதனால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான், புதுக் கட்டை பையிலேயே இருந்தது. ஆகவே மாட்டும்போதே டயரைத் தொடாமல் எவ்வளவு மேலே வைக்க முடியுமோ அவ்வளவு மேலே வையுங்கள். பள்ளக் கோடுகள் மறைந்ததும் தூக்கிப் போடுங்கள். வாங்கும்போது பழைய கட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். தண்டு வழவழப்பா, மரை வெட்டியதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

27 அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டு 700சி போட்டால் பிரேக் எட்டுமா? (தாப்பா)

எட்டும். ரிம் விட்டம் 630-இலிருந்து 622 மில்லிமீட்டருக்குக் குறைகிறது, கட்டையை 4 மில்லிமீட்டர் இறக்கினால் சரி. 26 அங்குலம் போடலாமா என்று அடுத்துக் கேட்காதீர்கள். அது 559, எட்டாது.

தானா ராத்தாவிலிருந்து சுமையோடு இறங்கும்போது மழை பிடித்தால் என்ன செய்வது? (பீடோர்)

அக்கா, ஈர ரிம்மில் முதல் சில சுற்று கட்டை தண்ணீரைத்தான் துடைக்கும், பிடிக்காது. அதனால் வளைவுக்கு வெகு முன்னாலேயே லேசாக அழுத்தத் தொடங்குங்கள். உங்கள் ரிம் குரோம் பூசிய இரும்பு என்றால் மழையில் அதை நம்பவே வேண்டாம், அலுமினியத்துக்கு மாறுங்கள். கட்டையில் கூல்-ஸ்டாப் கம்பெனியின் சால்மன் நிறக் கட்டை மழைக்கு நல்லது, விலையும் கொஞ்சம் அதிகம்தான்.

காய்ந்த நாளில் ஆபத்து வேறு மாதிரி. கீழே வரும் வரை அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கலாம். பலமாகப் பிடியுங்கள், விடுங்கள், மறுபடியும் பிடியுங்கள். லாத்தா இஸ்கண்டார் அருவியில் எப்படியும் எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள், ரிம் ஆறட்டும். வீட்டுக்குப் போனதும் கட்டையில் பதிந்த மணலையும் அலுமினியத் துகளையும் ஊக்கால் நோண்டி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவே ரிம்மை அறுக்கும்.

மட்கார்ட் கனம் என்று கழற்றிவிட்டேன். பரவாயில்லையா? (கம்பார்)

முன் சக்கரத்தில் வேண்டாம் தம்பி. கேபிள் அறுந்தால் குறுக்குக் கம்பி டயர்மேல் விழும். பூ வெட்டிய டயர் என்றால் அதை இழுத்துக்கொண்டு சக்கரம் பூட்டிக்கொள்ளும், நீ ஹேண்டிலுக்கு மேலே பறப்பாய். மட்கார்ட் இருந்தால் கம்பி அதன்மேல் விழும், அவ்வளவுதான்.

கியர் கேபிள் உறை மிச்சம் இருக்கிறது. பிரேக்குக்குப் போடலாமா?

கூடாது. பிரேக் அழுத்தத்தில் பிளந்துவிடும்.

தாத்தா பால் வாளி கட்டிப் போன கம்பி பிரேக் சைக்கிள் வீட்டில் இருக்கிறது. அதற்குக் கேண்டிலீவர் போட முடியுமா? (சுங்கை சிப்புட்)

முளை இல்லை, பற்றவைக்க வேண்டும். அந்த பிரேக் ரிம்மின் உட்பக்கத்தை அழுத்துகிறது, ரிம்மின் பக்கவாட்டு வளைவில் உங்கள் கட்டை ஒழுங்காக உட்காராது. அதை அப்படியே விட்டுவிடுங்கள். எண்ணெய் போட்டு, சமதரையில் கடைக்குப் போய்ப் பசியாறி வர ஓட்டுங்கள். மலைக்கு வேறு வண்டி எடுங்கள்.