வாளையாருக்கு இப்பாலும் அப்பாலும்: எல்லையோர எச்.ஐ.வி. தடுப்பு குறித்த கேள்வி பதில்

(எச்.ஐ.வி. தடுப்பில் பக்கத்து நாடுகள் சேர்ந்து செயல்படுவது பற்றி, கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பகுதித் தமிழர்களாகிய எங்கள் வாசகர் வட்டத்தின் உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, கோவை, பாலக்காடு ஆகிய இரு மாவட்டங்களிலும் எச்.ஐ.வி. ஆற்றுப்படுத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் எழுதிய விடைகள். வாளையார், கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே தமிழ்நாட்டு-கேரள எல்லையிலுள்ள ஊர்.)

லாரி உரிமையாளர், வாளையார்: அம்மா, பக்கத்து நாடுகள் கூடிப் பேசி ஒப்பந்தம் போடுவதைவிட, எல்லையிலேயே இரத்தம் எடுத்துப் பார்த்து, கிருமி உள்ளவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டால் வேலை முடிந்துவிடாதா?

இந்த யோசனையைச் செய்து பார்த்தாயிற்று. எச்.ஐ.வி. உள்ள வெளிநாட்டவர் உள்ளே வரக்கூடாது என்று அமெரிக்கா 1987இல் தடை விதித்து, 2010 ஜனவரியில்தான் அதை நீக்கியது. அவ்வளவு காலமும் அந்நாட்டுக்குள் தொற்று பரவாமல் இருந்ததா என்றால், இல்லை. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில், சிலருக்கு மூன்று மாதம் வரையிலும், வழக்கமான பரிசோதனை அதைக் காட்டாமல் போகலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சோதனைச் சாவடியில் பிடிபடுவோம் என்று அஞ்சுகிறவர் மாத்திரைப் புட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார் என்பது. மாத்திரையை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாதபடி இறங்கிவிட்டவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவுவதில்லை. மாத்திரையை நிறுத்தியவரிடமிருந்து பரவலாம். ஆகவே எல்லையில் பரிசோதனை என்பது ஆபத்து இல்லாதவரை ஆபத்து உள்ளவராக மாற்றுகிற ஏற்பாடு. நம் நாட்டில் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமும், ஒருவருடைய ஒப்புதல் இல்லாமல் அவருக்குப் பரிசோதனை செய்வதைத் தடுக்கிறது.

பள்ளி ஆசிரியர், சித்தூர்: நாடுகள் உண்மையிலேயே சேர்ந்து செய்து காட்டிய இடம் ஏதேனும் உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது மேற்கு ஆப்பிரிக்க எடுத்துக்காட்டு. ஐவரி கோஸ்ட்டின் அபிஜானிலிருந்து கானா, டோகோ, பெனின் வழியாக நைஜீரியாவின் லாகோஸ் வரை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளும் கடற்கரைச் சாலைக்கென்று அந்த 5 நாடுகளும் சேர்ந்து, உலக வங்கியின் நிதியோடு, 2000களின் முதல் பாதியில் ஒரு பொதுத் திட்டத்தைத் தொடங்கின. எல்லைச் சாவடிகளில் லாரிகள் நாள்கணக்கில் நிற்பதும், அந்தக் காத்திருப்பைச் சுற்றி விடுதியும் மதுக்கடையும் பாலியல் தொழிலும் வளர்வதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தன. எனவே ஆணுறையும் பரிசோதனையும் கொடுத்ததோடு, சுங்க நடைமுறையை எளிதாக்கிக் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதையும் அதே திட்டத்தில் சேர்த்தார்கள். ஒரு சுகாதாரத் திட்டம் சுங்கத்துறையின் கோப்பில் கை வைத்தது என்பதுதான் இதில் என்னை வியக்க வைத்த செய்தி.

மீகாங் ஆற்று நாடுகளும் 2004இல் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. சீனா, மியான்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய அந்த ஆறு நாடுகளும், இடம்பெயர்வோருக்கு ஏற்படும் எச்.ஐ.வி. ஆபத்தைக் குறைப்பது தங்கள் கூட்டுப் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டன.

அதே லாரி உரிமையாளர்: அப்படியானால் நம் வாளையாருக்கும் இது பொருந்துமே?

பொருந்தும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடி எடுக்கப்படும் வரை அங்கே லாரிகள் எவ்வளவு தூரம் வரிசையில் நின்றன என்பதை நீங்களே என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். நிற்கிற இடத்தில்தான் எங்களுக்கும் வேலை இருந்தது. ஓட்டுநரைத் தேடி அலைய வேண்டியதில்லை, சாயங்காலம் போனால் நூறு பேரோடு பேசிவிடலாம். வரிசை குறைந்தது நல்லதே. ஆனால் அந்த நூறு பேரும் இப்போது எங்கே தங்குகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து, கஞ்சிக்கோட்டுக் கிடங்குகளுக்கும் நெடுஞ்சாலைத் தாபாக்களுக்கும் தடுப்புப் பணி இடம் மாற வேண்டியிருந்தது. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஆகிய பிற எல்லை வழிகளை நாங்கள் ஒருபோதும் வாளையார் அளவுக்குக் கவனித்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மேற்பார்வையாளர், கஞ்சிக்கோடு: எங்கள் ஆலையில் நேபாளத்துத் தொழிலாளி ஒருவர் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை உட்கொண்டுவருவதாக என்னிடம் மட்டும் சொன்னார். ஊருக்குப் போய்ப் பல மாதம் தங்கினால் மருந்துக்கு என்ன செய்வார்?

அவர் உங்களிடம் சொன்னதை வேறு எவரிடமும், ஆலை நிர்வாகத்திடமும்கூட, சொல்லாதீர்கள்.

மருந்து ஒரு சிக்கல் இல்லை. இந்தியா 2004 ஏப்ரல் முதல் இலவசமாகக் கொடுத்துவருகிறது. நேபாளத்திலும் அரசு மையங்களில் இலவசம்தான். டொலுடெக்ராவிர் என்ற மருந்து சேர்ந்த, நாளுக்கு ஒன்று வீதம் எடுக்கும் மாத்திரையே இரு நாடுகளிலும் முதன்மைச் சிகிச்சை. சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. இந்தியாவுக்குள் ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்கு மாற்றிக்கொள்ள முறையான வழி உண்டு. நாட்டைத் தாண்டும்போது நோயாளி தாமே தம் தூதுவராகிவிடுகிறார். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் கடவுச்சீட்டு இல்லாமலே போய்வரக்கூடிய எல்லை அது. யார் எப்போது போனார் என்ற பதிவே இருக்காது. கேர் என்ற தொண்டு நிறுவனம் 2009 முதல் 2014 வரை இந்தியா, நேபாளம், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலும் நடத்திய எம்ஃபசிஸ் திட்டம் இதைப் புரிந்துகொண்டு, புறப்படும் ஊர், கடக்கும் இடம், வேலை செய்யும் நகரம் என்று மூன்று இடங்களிலும் அதே மனிதரைப் பின்தொடர முயன்றது.

அவர் செய்ய வேண்டியது இது: புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே மையத்தில் பயண நாளைச் சொல்லி, பல மாத மருந்தைச் சேர்த்துக் கேட்க வேண்டும், மருந்தின் பெயர், தொடங்கிய நாள், கடைசி வைரஸ் அளவு மூன்றையும் எழுதிய கடிதமொன்றை ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நோயாளிக்குத் தரும் பச்சைப் புத்தகத்தையும் விட்டுவிடக் கூடாது.

இல்லத்தரசி, கொழிஞ்சாம்பாறை: இது நாடுகளுக்கு இடையேயான சிக்கல் என்கிறீர்கள். ஒரே நாட்டில் இருக்கும் எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

உங்கள் வீட்டுத் தலைப்பிரசவத்தை எண்ணிப் பாருங்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் பொள்ளாச்சியிலோ உடுமலையிலோ இருக்கும் தாய்வீட்டுக்குப் போகிறாள். அவள் எச்.ஐ.வி. உள்ளவளாக இருந்தால், சிகிச்சை தொடங்கியது கேரளத்தில், பிரசவம் தமிழ்நாட்டில், குழந்தைக்கு ஆறாவது வாரப் பரிசோதனை நாளன்று அவள் எங்கே இருப்பாள் என்பது மாமியார் கையில். எதுவும் செய்யாமல் விட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போகும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. முறையாகச் சிகிச்சை நடந்தால் 5க்கும் கீழே வந்துவிடும். பெயர்கள்கூட மாறிவிடுகின்றன: எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடம் தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம், கேரளத்தில் ஜோதிஸ், அங்கே கூட்டு மருந்து மையத்துக்கு உஷஸ் என்று பெயர். பெயர்ப் பலகையைப் பார்த்துத் தேடியவர்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்ததைக் கண்டிருக்கிறேன். ஒரு நாட்டுக்குள்ளேயே இப்படி என்றால், மொழியும் நாணயமும் மாறும் எல்லையில் எப்படி இருக்கும்?

ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், மீனாட்சிபுரம்: என் உறவினர் சிலர் மணிப்பூர் மோரேயில் இருக்கிறார்கள். அங்கே நிலைமை வேறா?

வேறுதான். பர்மாவில் 1962க்குப் பின் வாழ வழியற்றுக் கிளம்பிய தமிழர்கள் தங்கிவிட்ட எல்லை ஊர் அது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஹெராயினும், பலர் பகிர்ந்துகொண்ட ஊசியுமே மணிப்பூரில் 1990ஐ ஒட்டித் தொற்று வேகமாகப் பரவக் காரணம். எனவே அங்கே தடுப்பு என்பது சுத்தமான ஊசியும், போதைக்கு மாற்று மருந்தும். மோரேயில் ஊசி கிடைத்து, நடந்தே போகும் தூரத்திலுள்ள மியான்மரின் தாமுவில் கிடைக்காவிட்டால், பாதி வேலைகூட முடிந்ததாகாது.

செவிலியர் பயிற்சி மாணவி, பாலக்காடு: நாடுகள் ஒத்துழைக்கும்போது நோயாளிகளின் பெயர்ப் பட்டியலையும் பகிர்ந்துகொள்வார்களா?

கூடாது. இரு பக்கமும் சேர்ந்து பார்க்க வேண்டியவை எத்தனை பேர், எந்தப் பருவத்தில், எந்த வழியில் போகிறார்கள் என்ற எண்ணிக்கைகள். சிகிச்சை முறையும் மருந்து இருப்பும் பொருந்துகின்றனவா என்ற விவரங்கள். தனி மனிதரின் தகவல் அவர் எழுதிக் கொடுத்த ஒப்புதலோடு, அவர் குறிப்பிடும் மையத்துக்கு மட்டுமே போக வேண்டும். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த பின், "அந்த ஊர்க்காரர் ஒருவர் உங்களிடம் வருகிறாரா?" என்று எல்லைக்கு அப்பாலிருந்து யாராவது தொலைபேசியில் நட்பாகக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாதீர்கள். 1097 என்ற இலவச எச்.ஐ.வி. உதவி எண்ணைக் கொடுத்து, சம்பந்தப்பட்டவரையே அழைக்கச் சொல்லுங்கள்.