ஏஐஎஸ் இருக்கும் காலத்தில் கப்பல் கம்பெனிக்குத் தனிக் கொடி எதற்கு? நெதர்லாந்துக் கம்பெனிக் கொடிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதிய விளக்கத்தையும் படித்தேன். கப்பல் கம்பெனிக் கொடிகளின் படங்களைச் சேர்க்கிறீர்கள், நெதர்லாந்தில் தொடங்கியிருக்கிறீர்கள், நிறமும் வடிவமும் பிடித்திருக்கிறது. நல்லது. ஆனால் "செயலியைத் திறந்தால் எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும், அப்புறம் எதற்கு இந்தத் துணி?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். அந்தத் துணியைப் பல வருஷம் ஏற்றி இறக்கியவன் நான். நெதர்லாந்தின் வட பகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பக் கம்பெனியின் சரக்குக் கப்பல்களில் ஏபியாகச் (டெக் மாலுமியாகச்) சேர்ந்து, பிறகு போசனாக (அந்த மாலுமிகளுக்குத் தலைவனாக) வேலை பார்த்தேன். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கொடியின் நிறத்தைச் சொன்னாலே தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அதையும் விடுகிறேன்.

முதலில் ஏஐஎஸ், அதாவது கப்பல் தன் விவரங்களைத் தானே ரேடியோவில் அனுப்பும் கருவி. உங்கள் செயலியில் தெரிவது அது அனுப்புவதுதான். அது கப்பலின் பெயரைச் சொல்லும், கப்பலின் நிரந்தர அடையாளமான ஐஎம்ஓ எண்ணைச் சொல்லும், எந்த நாட்டில் பதிவு, அடுத்த துறைமுகம் எது, என்ன வேகம் என்றெல்லாம் சொல்லும். கப்பல் யாருடையது என்று மட்டும் அந்தக் கருவி அனுப்பாது. அதற்கு வேறு பதிவேடுகளில் தேட வேண்டும். தேடினாலும் பல சமயம் ஒரே ஒரு கப்பலுக்காகத் தொடங்கிய ஏதோ ஒரு கம்பெனியின் பெயர்தான் கிடைக்கும். பின்பக்கம் பறக்கும் தேசியக் கொடியும் அதைச் சொல்லாது. ரோட்டர்டாம்காரர் ஒருவருடைய கப்பல் லைபீரியக் கொடியிலோ ஆன்டிகுவா பார்புடா கொடியிலோ ஓடலாம், அது சட்டப்படி சரிதான். "இது இன்னாருடைய கப்பல்" என்று வெளியே தெரியும்படி சொல்வது பெரும்பாலும் இரண்டே இரண்டு: புகைபோக்கியில் உள்ள அடையாளம், கம்பத்தில் உள்ள கம்பெனிக் கொடி. இப்போதைய கப்பல்களில் பாலத்துக்கு (கப்பலை ஓட்டும் அறைக்கு) மேலே பெரும்பாலும் ஒரே கம்பம்தான். வலப்பக்கக் கயிற்றில் போய்ச் சேரும் நாட்டின் மரியாதைக் கொடி, பெரும்பாலும் இடப்பக்கக் கயிற்றில் கம்பெனிக் கொடி.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. டச்சுக்காரர்களில் கொடிகளையே வாழ்நாள் வேலையாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்காமல் ஒரு போசனிடம் ஏன் கேட்க வேண்டும் என்று யாராவது பின்னூட்டம் போடலாம். அவர்களுக்குக் கொடி தெரியும், அந்தக் கொடியின் கீழ் சம்பளம் வாங்கியது எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும். இரண்டும் வேண்டும்.

டச்சுக் கம்பெனிக் கொடி என்றால் எல்லோரும் கிழக்கிந்தியக் கம்பெனியில்தான் ஆரம்பிப்பார்கள். 1602இல் தொடங்கி 1799இல் கலைந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, டச்சுச் சுருக்கத்தில் வி.ஓ.சி. (நம் வ.உ.சி. ஐயாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) டச்சு மூவர்ணக் கொடியின் நடுவில் பெரிய 'வி', அதன் ஒரு காலில் 'ஓ', மறு காலில் 'சி'. ஆம்ஸ்டர்டாம், ஹோர்ன், என்க்ஹய்சன், டெல்ஃப்ட், ரோட்டர்டாம், மிடில்பர்க் என்று ஆறு கிளைகள். எந்தக் கிளை என்று காட்ட மேலே ஓர் எழுத்து. பழவேற்காட்டிலும், 1690க்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் அவர்களுடைய சோழமண்டலத் தலைமையிடம் இருந்தது. 1781இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை நாகப்பட்டினத்தில் அந்தக் கொடிதான். இன்று அதைச் சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். பழவேற்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றிய கப்பல்களும் அந்தக் கம்பெனியுடையவைதான். உங்கள் சேகரிப்பில் அந்தக் கொடி இருக்கட்டும், பக்கத்தில் இதையும் எழுதி வையுங்கள். "வரலாற்றை அரசியலாக்காதே" என்று வருகிறவர்களுக்கு: அது யாருடைய கப்பல் என்று சொல்வதற்குத்தானே அந்தக் கொடி இருந்தது?

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு வழக்கம், அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. 1822இல் ஆம்ஸ்டர்டாமில் 'ஸேமான்ஸ்ஹோப்' என்று ஒரு மாலுமிகள் சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினரான ஒவ்வொரு கேப்டனுக்கும் ஒரு எண், அந்த எண் போட்ட ஒரு கொடி. கேப்டன் கப்பல் மாறினால் அந்த எண்ணும் அவரோடு அடுத்த கப்பலுக்குப் போகும். கரையில் நிற்பவர் தூரத்தில் வரும் கப்பலின் எண்ணைப் பார்த்து, வருவது எந்தக் கேப்டன் என்று சொல்லிவிடலாம். கடலில் இறந்துபோன உறுப்பினரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை கொடுத்ததும் அதே சங்கம்தான். கொடியையும் குடும்பத்தையும் ஒரே இடத்தில் வைத்து யோசித்தவர்கள். நீங்கள் சேகரிப்பதில் இந்த எண் கொடிகளை விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் குறிப்பிட்ட பச்சை-வெள்ளை-பச்சை கொடி ஹாலந்து அமெரிக்கா லைனுடையது. 1873இல் ரோட்டர்டாமில் தொடங்கிய கம்பெனி, ஐரோப்பாவை விட்டு அமெரிக்கா போன எத்தனையோ குடும்பங்களை ஏற்றிச் சென்றது. ரோட்டர்டாம் நகரக் கொடியும் அதே பச்சை-வெள்ளை-பச்சைதான். கம்பெனிக் கொடியில் நடுவிலுள்ள வெள்ளைப் பட்டையில் அதன் டச்சுப் பெயரின் முதலெழுத்துகளான என்.ஏ.எஸ்.எம். என்று நான்கு எழுத்துகள் இருக்கும். எழுத்து இல்லாத துணியை 'ஹாலந்து அமெரிக்கா லைன் கொடி' என்று இணையத்தில் விற்றால் வாங்காதீர்கள், அது வெறும் நகரக் கொடி. 1989இல் அந்தக் கம்பெனி அமெரிக்கக் கார்னிவல் குழுமத்துக்குப் போய்விட்டது. ரோட்டர்டாமில் உள்ள அதன் பழைய தலைமை அலுவலகம் இப்போது 'ஹோட்டல் நியூயார்க்' என்ற ஹோட்டல். 1959ஆம் வருஷத்து 'ரோட்டர்டாம்' கப்பல் அதே ஊரின் காட்டென்ட்ரெக்ட் துறையில் ஹோட்டலாக நிற்கிறது. போனால் பாருங்கள், அதற்கு வழக்கமான பெரிய புகைபோக்கி கிடையாது, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஒல்லிக் குழாய்கள்.

மற்ற பெரிய கம்பெனிகளின் கதை சீக்கிரம் முடிகிற கதை. 1970இல் 'நெதர்லாந்து' என்ற பெயருள்ள கம்பெனி, 'ரோட்டர்டாம் லாய்ட்' உட்பட நான்கு பழைய கம்பெனிகள் ஒன்றாக இணைந்தன. 1977இல் பெயர் நெட்லாய்ட். 1981இல் ஆம்ஸ்டர்டாமின் கேஎன்எஸ்எம் கம்பெனியும் உள்ளே வந்தது. 1997இல் பிரிட்டிஷ் பி அண்ட் ஓவோடு சேர்ந்தது. 2005இல் டென்மார்க்கின் மேர்ஸ்க் வாங்கியது. நூறு வருஷக் கொடிகள் பல, நாற்பது வருஷத்துக்குள் கம்பத்திலிருந்து இறங்கிவிட்டன.

இனி என் கதை. எங்கள் சீஃப் மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்துக்காரர், வயதானவர். கொடி விஷயத்தில் மிகவும் கண்டிப்பு. வட கடலில் குளிர்காலக் காற்றில் கொடியைப் பறக்கவிட்டால் இரண்டே நாளில் வெளி ஓரம் நார் நாராகிவிடும். அதனால் நடுக்கடலில் இறக்கி வைத்துவிட்டு, பைலட் (துறைமுகத்துக்குள் வழிகாட்டுபவர்) ஏறும் இடம் நெருங்கும்போதுதான் ஏற்றுவோம். கிழிந்த ஓரத்தை வெட்டிவிட்டு மடித்துத் தைப்பது என் வேலை. நிறைய முறை தைத்த கொடி அகலம் குறைந்து கிட்டத்தட்ட சதுரமாகிவிடும். அப்போதுதான் புதுக் கொடிக்கு எழுதிப் போடுவார். படங்களில் சில பழைய கொடிகள் விசித்திரமான அளவில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஒரு தடவை கப்பலின் பதிவை வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். பின்பக்கத்தில் பதிவுத் துறைமுகத்தின் பெயரை இரும்பு எழுத்துகளாக ஒட்டவைத்திருப்பார்கள். அதைக் கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிட்டு, இதுவரை கப்பல் போயே இராத ஓர் ஊரின் பெயரை வெல்டிங் வைத்தார்கள். தேசியக் கொடியும் மாறியது. எங்களுக்கெல்லாம் பயம், கம்பெனி விற்றுப்போச்சு, வேலை போச்சு என்று மெஸ்ஸில் பேச்சு. சீஃப் மேட் என்னைப் பாலத்துக்குக் கூப்பிட்டு ஜன்னல் வழியாகக் கம்பத்தைக் காட்டினார். "அந்தக் கொடி மாறியிருக்கிறதா? இல்லையே. அப்படியென்றால் உங்கள் சம்பளத்துக்குப் பதில் சொல்கிற ஆளும் மாறவில்லை. போய் உன் ஆட்களிடம் சொல்லு" என்றார். அந்த மாதச் சம்பளம் சரியான தேதியில் வந்தது. கம்பெனி முதலாளி ஒவ்வொரு கப்பலையும் நேரில் வந்து பார்ப்பவர். சமையல்காரர் முதல் எல்லோருக்கும் கை கொடுப்பார். எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்கு டெக்கில் கால் முறிந்தபோது, ஆஸ்பத்திரியில் முதலில் வந்து நின்றவரும் அவர்தான்.

சில வருஷம் கழித்து அவர் நிஜமாகவே விற்றுவிட்டார். உடம்பு முடியவில்லை, பிள்ளைகளுக்குக் கப்பலில் விருப்பமில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்று கம்பெனிக் கொடியை இறக்கியவன் நான், புகைபோக்கியில் பெயின்ட் அடித்தவனும் நான். புகைபோக்கி அடையாளத்தின் ஓரக்கோட்டை வெல்டிங்கால் மேடாகப் போட்டிருப்பார்கள், பெயின்ட் அடிப்பவன் கோடு தப்பாமல் இருப்பதற்காக. மேலே எத்தனை கோட் அடித்தாலும் வெயில் சாய்ந்து விழும்போது அந்தப் பழைய அடையாளம் தெரியத்தான் செய்யும். நான் அந்தக் கப்பலில் இருந்தவரை தெரிந்துகொண்டுதான் இருந்தது. லாக்கரில் இருந்த கொடிகளில் ஒன்றைக் கேட்டேன். கம்பெனிக் கணக்கில் உள்ள பொருள் என்று கேப்டன் பெட்டியில் போட்டு ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். சரி, அது முறைதான்.

புது முதலாளி யார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கம்பத்தின் இடப்பக்கக் கயிறு காலியாகவே இருந்தது, கொடியே அனுப்பவில்லை. என் லீவுச் சம்பளமும் ஓவர்டைமும் நிலுவையில் நின்றது. கப்பலை நிர்வகிக்கும் ஆபீசுக்கு எழுதினால் ஆள் அனுப்பிய ஏஜென்சியைக் கேள் என்கிறார்கள். ஏஜென்சியைக் கேட்டால் முதலாளியைக் கேள் என்கிறார்கள். அந்த முதலாளிக்கு ஒரு தபால் பெட்டி எண் தவிர முகவரி இல்லை. இப்போது புரிகிறதா, "எதற்கு இந்தத் துணி" என்ற வரி என்னை ஏன் சுட்டது என்று? கொடி சம்பளம் கொடுக்காது என்று வாதம் செய்யலாம், ஒத்துக்கொள்கிறேன். நல்ல கொடி பறக்கவிட்டு ஏமாற்றியவர்களும் உண்டு. ஆனால் தன் அடையாளத்தை ஊருக்கெல்லாம் தெரியும்படி தூக்கிக் காட்டுகிறவனைத் தேடிப் பிடிக்க முடியும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பக்கத்தில் கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்று பையன்களிடம் லட்சக்கணக்கில் வாங்குகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். என் சொந்தக்காரப் பையனின் அம்மா நகையை விற்றுக் கொடுத்த பணம் அப்படித்தான் போனது. சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி, வேலைக்கு அனுப்புவதற்காக மாலுமியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. இந்தியாவில் ஆள் அனுப்ப டிஜி ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம்) கொடுக்கும் ஆர்பிஎஸ்எல் என்ற உரிமம் வேண்டும், உரிமம் பெற்றவர்கள் பட்டியல் பொதுவில் இருக்கிறது. இதைப் படிக்கிறவர் வீட்டில் கப்பலுக்குப் போக நினைக்கிற பையன் இருந்தால், பணம் கொடுக்கும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். கொடிக் கேள்விக்கு இது சம்பந்தமில்லாத பேச்சு என்று தோன்றினால் தோன்றட்டும்.

கடைசியாக ஆற்றுப் படகுகள். உங்கள் பட்டியலில் அவை ஒன்றுகூட இல்லை, அது பெரிய குறை. 1868 மன்ஹைம் ஒப்பந்தத்துக்குப் பிறகு ரைன் நதியில் கட்டணமில்லாமல் போகலாம் என்பதால் டச்சுப் படகுகள் ஜெர்மனி தாண்டி ஸ்விட்சர்லாந்து வரை போகின்றன. பெரும்பாலானவை குடும்பப் படகுகள். கணவன், மனைவி, பிள்ளை எல்லோரும் அதிலேயே குடியிருப்பார்கள், ஜன்னலில் திரைச்சீலை, மேலே கார். முன்பு நீராவி இழுவைப் படகுகள் எஞ்சின் இல்லாத படகுகளை வரிசையாக இழுத்துப் போன காலத்தில், புகைபோக்கியில் உள்ள பட்டைகளை வைத்தே எந்தக் கம்பெனி என்று கரையில் இருப்பவர்கள் சொல்வார்களாம். இன்றும் சில படகுகளில் முன்முனையான அணியத்துக் கம்பில் கம்பெனிக் கொடியோ கூட்டுறவுச் சங்கக் கொடியோ பறக்கும். வீல்ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) பக்கத்தில் தெரியும் நீலப் பலகையைக் கம்பெனி அடையாளம் என்று எழுதிவிடாதீர்கள். வெள்ளை விளக்கு மின்னும் அந்தப் பலகை, எதிரே வருபவரிடம் வலப்பக்கம் வலப்பக்கமாகக் கடந்து போவோம் என்று கேட்கும் குறி. நீலக் கூம்புகளும் கம்பெனி அடையாளம் இல்லை, அபாயச் சரக்கைக் குறிப்பவை.

இவற்றைப் பார்க்க டார்ட்ரெக்ட் நகரத்து ஹ்ரோட்ஹோஃப்ட் முனைதான் சரியான இடம். மூன்று ஆறுகள் கூடும் இடம், படகுகள் ஓயாமல் போகும். நெதர்லாந்து போகும் நண்பர்கள் யாராவது இருந்தால் ஜூம் உள்ள கேமராவோடு அங்கே நிற்கச் சொல்லுங்கள். காற்று அடிக்கும் நாளாகப் பார்த்துப் போகட்டும், இல்லையென்றால் கொடி கம்போடு ஒட்டிக் கிடக்கும், படத்தில் ஒன்றும் தெரியாது.