பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸ் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஞாயித்துக்கிழம வீட்லதான் இருப்பேன், பழைய அமெரிக்க காமிக்ஸ் பத்தி யார் என்ன வேணா கேளுங்கன்னு போன வாரம் வாய விட்டேன், இப்ப பாத்தா கேள்வி குமிஞ்சு கெடக்கு. நான் ஒண்ணும் பெரிய ஆராய்ச்சியாளர்லாம் இல்லைங்க, முப்பது வருஷமா பழைய புத்தகக்கடை தூசிய மூக்குல ஏத்துனவன், அவ்ளோதான். 1938ல இருந்து 1980 வரைக்கும்தான் நம்ம ஏரியா. சினிமா பத்தி கேட்டவங்க எல்லாம் மன்னிக்கணும், அத தனியா ஒரு நாள் சண்ட போட்டுக்கலாம்.

கேள்வி: அண்ணா, நான் புதுசு. 1938 சூப்பர்மேன்ல இருந்து வரிசையா படிச்சாதான் புரியுமா?

வேணாம் தம்பி. தமிழ் சினிமா பாக்கணும்னு ஆசப்படுறவன உக்கார வெச்சு பாகவதர் படத்துல இருந்து ஆரம்பின்னு சொன்னா ஓடிப்போயிடுவான். பாகவதர் அருமைதான், ஆனா அங்க போய் சேர ஒரு காது வேணும், அது பின்னாடி தானா வரும்.

நீ ஸ்டீவ் டிட்கோ வரைஞ்ச ஸ்பைடர்மேன்ல இருந்து ஆரம்பி. 1962ல அமேஸிங் ஃபேன்டஸி 15ஆம் இதழ்ல வெறும் 11 பக்கத்துல வந்த கதை, அப்புறம் ஸ்பைடர்மேனுக்குன்னே வந்த தனி புத்தகத்துல முதல் 38 இதழ். மூணு வாரத்துல முடிச்சிடலாம். இதுல ஹீரோவுக்கு வாடகைக்கு காசு இருக்காது, அத்தைக்கு மருந்து வாங்கணும், வில்லன அடிச்சு முடிச்ச கையோட அந்த ஃபோட்டோவ பேப்பர்காரன்கிட்ட கொண்டுபோய் வித்தாதான் சோறு.

33ஆம் இதழுக்கு வரும்போது மட்டும் அவசரப்படாத. ஒரு பெரிய மெஷின் அவன் முதுகு மேல விழுந்து அமுக்கிட்டு கெடக்கு, மேல இருந்து தண்ணி ஒழுகுது, அத்தைய காப்பாத்துற மருந்து கைக்கு எட்டாத தூரத்துல கெடக்கு. டிட்கோ என்ன பண்றார்னா, முதல்ல கட்டங்கள சின்னது சின்னதா போட்டு நம்மளையும் அந்த இரும்புக்கு அடியில அடைச்சு வெச்சுடுறார், அவன் கொஞ்சம் கொஞ்சமா தூக்க தூக்க கட்டம் பெருசாகிட்டே போகுது, பக்கத்த திருப்புனா முழு பக்கத்துக்கும் ஒரே படம், தூக்கிட்டான்! மொத தடவ பாத்தப்ப நானும் மூச்ச பிடிச்சிட்டு இருந்தேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த பக்கங்கள பலூன்ல இருக்கறத படிக்காம படத்த மட்டும் ஒரு தடவ பாரு, கதை முழுசா புரியும்.

கேள்வி: ஸ்டான் லீதானே சார் எல்லாத்தையும் உருவாக்குனவர்? சில பேர் இல்லைங்கறாங்களே.

இந்த கேள்வி வரும்னு தெரியும், காபி போட்டு எடுத்துட்டு வந்துதான் உக்காந்திருக்கேன்.

அந்த காலத்து மார்வெல்ல வேல எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி சண்ட தீரும். வேற கம்பெனிங்கள்ல எழுத்தாளர் முழு ஸ்கிரிப்ட் எழுதி குடுப்பார், இந்த கட்டத்துல இது, அந்த கட்டத்துல அதுன்னு. மார்வெல்ல லீ ஒருத்தரே ஏகப்பட்ட புத்தகத்துக்கு எழுதணும், நேரம் இல்ல, அதனால ஓவியர்கிட்ட கதைச்சுருக்கத்த வாயாலயோ ஒரு பக்கத்துலயோ சொல்லிடுவார். ஓவியர் வீட்டுக்கு போய் முழு கதையையும் தானே காட்சி காட்சியா பிரிச்சு வரைஞ்சு எடுத்துட்டு வரணும், லீ அதுக்கப்புறம் வசனம் எழுதுவார். அங்க வரைஞ்ச முக்கியமான ஓவியர் ஜாக் கிர்பி, பக்கத்தோட ஓரத்துலயே பென்சில்ல 'இங்க இவன் இதுக்காக கோவப்படுறான்'ங்கற மாதிரி குறிப்பு எழுதி அனுப்புவார். அப்ப கதாசிரியர் யாரு? நீங்களே சொல்லுங்க.

உதாரணத்துக்கு, 1966ல ஃபென்டாஸ்டிக் ஃபோர்ங்கற நாலு பேர் ஹீரோ குழுவோட புத்தகத்துல 48ல இருந்து 50 வரைக்கும் மூணு இதழ், கேலக்டஸ்னு ஒருத்தன் பூமிய திங்க வர்றான். கிர்பி வரைஞ்சு கொண்டுவந்த பக்கத்துல லீ சொல்லாத ஒரு ஆள் இருக்கான், வெள்ளியாட்டம் மின்னிக்கிட்டு அலைச்சறுக்கு பலகைல வானத்துல பறக்குறான். யாருய்யா இதுன்னா, இவ்ளோ பெரிய ஆளு வர்றான்னா முன்னாடி ஒரு தூதன் வரணும்ல அப்படின்றார் கிர்பி. அதான் சில்வர் சர்ஃபர். இத லீயே பல தடவ ஒத்துக்கிட்டு சொல்லியிருக்கார்.

அதுக்காக லீ சும்மா பேர் போட்டுக்கிட்டாருன்னு சொல்றவங்களோடவும் எனக்கு ஒத்து வராது. கிர்பி 1970ல போட்டி கம்பெனியான டிசிக்கு போய் தானே எழுதி தானே வரைஞ்ச நியூ காட்ஸ எடுத்து படிங்க, படமும் கற்பனையும் பிரம்மாண்டம், வசனம் மட்டும் கல்லு கடிக்கும். அந்த கிண்டல், அந்த சகஜமான பேச்சு, வாசகர் கடிதத்துக்கு பக்கத்து வீட்டு மாமா மாதிரி பதில் எழுதுறது, எழுத்து பதிக்கிறவர் பேரைக்கூட முதல் பக்கத்துல போடுறது, இதெல்லாம் லீ. ஆனா கணக்கு எப்படி முடிஞ்சுதுன்னு பாருங்க. ஸ்பைடர்மேன்ல கதையமைப்பும் டிட்கோதான்னு இதழ்லயே போட ஆரம்பிச்சாங்க, அப்படியும் அவர் 1966ல விலகிட்டார். கிர்பி தான் வரைஞ்ச ஒரிஜினல் பக்கங்கள கேட்டு 80கள்ல வருஷக்கணக்கா மல்லுக்கட்டி, அவர் மார்வெல்ல வரைஞ்சது பத்தாயிரம் பக்கத்துக்கு மேல, கைக்கு வந்தது ஏறக்குறைய 2000. அவர் 1994ல போயிட்டார், அவர் குடும்பத்தோட மார்வெல் சமரசம் ஆனது 2014ல.

கேள்வி: ப்ரோ சூப்பர்மேன 130 டாலருக்கு வித்தாங்கன்னு சொல்றது உருட்டா?

உருட்டு இல்ல, நிஜம். க்ளீவ்லேண்டுல இருந்த ரெண்டு பசங்க, ஜெர்ரி சீகல் எழுத்து, ஜோ ஷஸ்டர் ஓவியம். பக்கத்துக்கு 10 டாலர், 13 பக்கம், 130 டாலர், உரிமை முழுசும் கம்பெனிக்கு. 1938 ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், விலை 10 சென்ட். அந்த 130ஐயும் வேற கதைங்களுக்கான பாக்கியையும் சேத்து 412 டாலருக்கு ஒரு செக் குடுத்தாங்க, அந்த செக் தாள் மட்டும் 2012ல 1,60,000 டாலருக்கு ஏலம் போச்சு. செக்க எழுதி வாங்குனவங்களுக்கு ஒரு பைசா இல்ல, அவங்க எப்பவோ போய் சேந்துட்டாங்க.

1975ல சூப்பர்மேன் படம் எடுக்க போறாங்கன்னு தெரிஞ்சதும் சீகல் பத்திரிகைகளுக்கெல்லாம் கடுதாசி போட்டு கொதிச்சார், ஷஸ்டருக்கு அப்ப கண்பார்வையே சரியில்ல. மானம் போகுதேன்னு கம்பெனி ரெண்டு பேருக்கும் தலா வருஷம் 20,000 டாலர் தரேன்னு ஒத்துக்கிச்சு, பேரும் போட்டாங்க. பேட்மேன்ல பில் ஃபிங்கர் கதை இத விட மோசம், 1939ல அந்த உடை, அந்த இருட்டு, பாதி கதாபாத்திரம் அவர் யோசிச்சது, பேர் மட்டும் கூட வேல பாத்த ஓவியர் பாப் கேனுக்கு. ஃபிங்கர் செத்தது 1974, அவர் பேர அதிகாரபூர்வமா சேத்தது 2015.

கேள்வி: சார் நான் சிவகாசி பக்கம். சின்ன வயசுல லயன் காமிக்ஸ்ல ஸ்பைடர் வெறித்தனமா படிச்சோம். அந்த ஸ்பைடருக்கும் ஸ்பைடர்மேனுக்கும் உறவு உண்டா?

உறவே இல்ல சார், அது லண்டன் சரக்கு. 1965ல பிரிட்டன் வாரப்பத்திரிகை ஒண்ணுல ஆரம்பிச்ச தொடர், அந்த பத்திரிகை பேரும் லயன்தான். நம்ம முத்து காமிக்ஸ் 1972ல ஆரம்பிச்சப்ப வந்த இரும்புக்கை மாயாவியும் அதே மாதிரி பிரிட்டன்காரர்தான், அங்க 1962ல வந்தவர்.

ஆனா உங்களுக்கு ஒரு இனிப்பான சேதி சொல்றேன். அந்த ஸ்பைடர் கதைய ஆரம்பத்துல எழுதுனவர் வேற, கொஞ்ச நாள்ல அத கையில எடுத்து நெறைய எழுதுனவர் யாரு தெரியுமா, மேல சொன்னேனே அதே ஜெர்ரி சீகல்! சொந்த ஊர்ல வேல இல்லாம கடல் தாண்டி எழுதி குடுத்தார். அந்த கூர்காது ஸ்பைடர் வானத்துல இருந்து குதிச்சு கண்டபடி பீத்திக்குவானே, அந்த பீத்தல் சூப்பர்மேனோட அப்பா எழுதுனது. நாம அது தெரியாமயே கோடை லீவுல சைக்கிள் கடை திண்ணைல உக்காந்து படிச்சிருக்கோம். இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

கேள்வி: பழைய காமிக்ஸ்ல கலர் ஏன் புள்ளி புள்ளியா இருக்கு? சூப்பர்மேன் முடி ஏன் நீலமா இருக்கு அங்கிள்?

நல்லா கவனிச்சிருக்கியே கண்ணு. மட்டமான நியூஸ்பிரிண்ட் பேப்பர், அதுல செவப்பு, மஞ்ச, நீலம்னு மூணு மை, ஒவ்வொண்ணுலயும் மையே இல்லாதது, லேசு, நடுத்தரம், முழுசுன்னு நாலே நிலை. நாலு தடவ நாலு தடவ நாலு, 64 கலர். அதுக்குள்ளதான் பிரபஞ்சத்தையே அடக்கணும். லேசான கலருக்கு புள்ளியா தெளிப்பாங்க, தூரத்துல இருந்து பாத்தா ரோஸ், கிட்ட போனா புள்ளி. கருப்ப அப்படியே அப்புனா முடியோட வளைவு தெரியாது, அதனால ஒளி படுற எடத்த நீலமா விடுவாங்க. பேட்மேன் அங்கி நீலமா இருக்கறதும் இதனாலதான்.

ஹல்க் 1962ல முதல் இதழ்ல சாம்பல் நெறம், தெரியுமா? அந்த மெஷின்ல சாம்பல் சரியா நிக்கல, ஒரு பக்கத்துல வெளிரி இன்னொரு பக்கத்துல கறுத்து வந்துச்சு, ரெண்டாவது இதழ்ல பச்சையாக்கிட்டாங்க. 60 வருஷமா பொம்மை, டீஷர்ட், பலூன்னு எல்லாம் பச்சையா விக்குதே, அதுக்கு காரணம் ஒரு பிரிண்டிங் தொல்லை.

கேள்வி: தணிக்கை வந்துதான் 50கள்ல சூப்பர்ஹீரோ அழிஞ்சாங்களா?

தலைகீழா சொல்றாங்க. போர் முடிஞ்சதுமே சூப்பர்ஹீரோ மவுசு எறங்கிடுச்சு, காதல், கொலை, பேய் கதைதான் ஓடுச்சு. 1954ல ஒரு மனநல டாக்டர் காமிக்ஸ் பசங்கள கெடுக்குதுன்னு புத்தகம் போட்டார், செனட்ல விசாரண நடந்துச்சு. பேய் காமிக்ஸ் போட்ட பில் கெய்ன்ஸ் அங்க போய் மாட்டிக்கிட்டார், வெட்டுன தலைய கையில வெச்சிருக்கற அட்டைய காட்டி இது நல்ல ரசனையான்னு கேட்டாங்க, பேய் காமிக்ஸ் அட்டைக்கு நல்ல ரசனைதான்னுட்டார். கத முடிஞ்சுது. பதிப்பாளருங்களே பயந்து போய் காமிக்ஸ் கோடுன்னு ஒரு சுய தணிக்கை விதி போட்டு, தலைப்புல பயங்கரம்ங்கற சொல்லே கூடாதுன்னாங்க. பேய் போன எடத்துல சுத்தமான ஆளுக்கு எடம் காலியாச்சு, 1956ல மின்னல் வேகத்துல ஓடுற ஹீரோ ஃப்ளாஷ் புது வடிவத்துல வந்தான், திரும்ப சூடு புடிச்சுது.

கேள்வி: தாத்தா பெட்டில ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் இருக்கு!! 1938னு போட்டிருக்கு!! கோடி ரூபா வருமா?

முதல்ல ஒரு ஸ்கேல் எடுங்க. பெருசா, பழைய வாரப்பத்திரிகைய விட பெருசா இருந்தா அது 1974ல வந்த மறுபதிப்பு. அதோட வெளி அட்டைய கிழிச்சிட்டா உள்ள அச்சு அசல் 1938 அட்டை, இத வெச்சு ஊர ஏமாத்துனவங்க நெறைய. சின்னதா இருந்தாலும் பளபளன்னு வெள்ள பேப்பரா இருந்தா அதுவும் நகல் பதிப்புதான். நிஜ பிரதி உலகத்துலயே சுமார் நூறுதான் மிஞ்சியிருக்கும்னு ஒரு கணக்கு, நல்ல நெலமைல இருந்த ஒண்ணு 2024ல 60 லட்சம் டாலருக்கு போச்சு. மத்ததெல்லாம் போர் சமயத்துல பழைய பேப்பர் சேகரிப்புக்கு போயிடுச்சு, மிச்சத்த அம்மாக்கள் அள்ளி குப்பைல போட்டாங்க, எல்லா ஊர்லயும் அம்மா அம்மாதான்.

கேள்வி: சென்னை ஈரத்துல பழைய இதழ எப்படி காப்பாத்துறது?

அமிலம் இல்லாத அட்டை, மைலார்ங்கற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை, செங்குத்தா நிக்க வெச்ச பெட்டி, வெயில் படாத அலமாரி. லேமினேட் பண்ணாதீங்க, செல்லோடேப் ஒட்டாதீங்க. பதினஞ்சு வயசுல நான் ஒரு அட்டைக்கு பாசமா செல்லோடேப் போட்டேன், இப்ப அது நாலு வெரல் அகலத்துக்கு டீ கறை மாதிரி இருக்கு, அத பாக்கும்போதெல்லாம் எனக்கே ஒரு அறை குடுக்கணும் போல இருக்கும்.

கேள்வி: என் பொண்ணுக்கு 9 வயசு. எத வாங்கி தரலாம்ங்க?

1950கள் கடைசி, 60 ஆரம்பத்து சூப்பர்மேன் குடும்பம் வாங்கி குடுங்கம்மா. க்ரிப்டோன்னு பறக்குற நாய் 1955ல வந்துச்சு, சூப்பர்கேர்ள் 1959ல, அவளுக்கு ஸ்ட்ரீக்கின்னு பறக்குற பூனையும் உண்டு. லாஜிக் பாத்தா ஒரு பக்கம் தாண்ட முடியாது, உங்க பொண்ணு பாக்க மாட்டா. 1940கள் புத்தகம்னா மட்டும் நீங்க மொதல்ல புரட்டி பாத்துட்டு குடுங்க, கருப்பினத்தவங்களையும் ஜப்பான்காரங்களையும் கேவலமா வரைஞ்ச பக்கங்கள் அங்கங்க இருக்கும், பக்கத்துல உக்காந்து சொல்லி குடுக்கலாம், தனியா விட்டுடாதீங்க.

கேள்வி: சண்ட போட்டுகிட்டே ஒவ்வொருத்தனும் ஒரு பாரா பேசறானே, மூச்சு வாங்காதா?

நம்ம தெருக்கூத்துல மட்டும் என்ன, வில்ல தூக்கிட்டு அர மணி நேரம் பாடுறதில்லையா? விடுங்க பாஸ்.

கேள்வி: ஒரே ஒரு பக்கம்தான் வெச்சுக்கலாம்னா எது தல?

ஸ்பைடர்மேன் 33 சொல்வேன்னு நெனச்சிருப்பீங்க. இல்ல. 1966, ஃபென்டாஸ்டிக் ஃபோர் 51, முதல் பக்கம். கிர்பி பென்சில்ல வரைஞ்சது, அது மேல மை போட்டவர் ஜோ சின்னாட். போன இதழ் வரைக்கும் பூமியையே திங்க வந்தவனோட சண்ட, கிரகம், விண்வெளி, அமர்க்களம். அடுத்த மாசம் அட்டைய திருப்புனா ராத்திரி, மழ, நியூயார்க் தெரு, அந்த நாலு பேர்ல ஒருத்தனான பென் க்ரிம் தனியா நிக்கறான். ஒடம்பெல்லாம் ஆரஞ்சு பாறையா மாறிப்போன ஆளு, நனஞ்சா என்ன நனையலன்னா என்ன, ஆனா வீட்டுக்கு போகாம நிக்கறான். கிர்பி அவன் கண்ணுல பெருசா ஒண்ணும் போடல, தோள மட்டும் கொஞ்சம் எறக்கி வரைஞ்சிருக்கார். பன்னெண்டு சென்ட் புத்தகம்யா அது.