அமெரிக்க அதிபர்களில் ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்களா?

ஒரு ஜோடியைத் தவிர மற்ற எல்லோரும் சொந்தம்தான்.

அதிபர் பட்டியலில் ஆடம்ஸ், ஹாரிசன், ஜான்சன், ரூஸ்வெல்ட், புஷ் என்று ஐந்து குடும்பப் பெயர்கள் இரண்டு பேருக்கு வருகின்றன. ஆடம்ஸும் புஷ்ஷும் அப்பா, மகன். ஹாரிசன்கள் தாத்தா, பேரன். தாத்தா 1841இல் பதவியேற்று ஒரே மாதத்தில் இறந்துவிட்டார், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ரூஸ்வெல்ட்கள் தூரத்துப் பங்காளிகள், ஆறு தலைமுறை பின்னால் போனால்தான் இருவருக்கும் ஒரே பாட்டன் வருவார். ஆனால் பின்னவரான ஃபிராங்க்ளின் கட்டிக்கொண்டது முன்னவரான தியோடரின் தம்பி மகள் எலினாரை. பெண்ணின் அப்பா உயிரோடு இல்லாததால், 1905இல் நடந்த அந்தக் கல்யாணத்தில், அப்போது அதிபராக இருந்த பெரியப்பாவே வந்து பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தார். நம் ஊரில் பங்காளி வீட்டில் பெண் எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை!

மிச்சம் இருப்பவர்கள் ஜான்சன்கள். ரத்த சம்பந்தமே கிடையாது, ஆனால் என்னைக் கேட்டால் இந்த ஐந்தில் சுவாரசியமான ஜோடி இவர்கள்தான். லிங்கனுக்கும் கென்னடிக்கும் உள்ள ஒற்றுமைகள் என்று வாட்ஸப்பில் ஒரு பட்டியல் சுற்றுமே, அதில் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். லிங்கன் சுடப்பட்டதும் துணை அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதிபரானார், கென்னடி சுடப்பட்டதும் துணை அதிபர் லிண்டன் ஜான்சன் அதிபரானார், முதலாமவர் பிறந்தது 1808, இரண்டாமவர் 1908, இருவரும் தென் மாநிலத்து ஜனநாயகக் கட்சிக்காரர்கள், இருவரும் முன்னாள் செனட்டர்கள் (செனட் என்பது அங்கே நாடாளுமன்றத்தின் மேலவை). இதெல்லாம் உண்மை. அதே பட்டியலில் லிங்கனின் செயலாளர் பெயர் கென்னடி என்று ஒரு வரி வரும், அது கட்டுக்கதை; லிங்கனின் செயலாளர்கள் நிக்கோலேயும் ஹேயும்.

அந்தப் பட்டியல் சொல்லாத விஷயம்தான் முக்கியமானது. ஒரே மாதிரி வழியில் நாற்காலிக்கு வந்த இந்த இருவரும், கறுப்பின மக்களின் உரிமை என்ற ஒரே கேள்விக்கு நேரெதிரான பதிலைச் சொன்னார்கள்.

ஆண்ட்ரூ பள்ளிக்கூடமே போகாதவர். சின்ன வயதிலேயே தையல்காரரிடம் வேலைக்கு விடப்பட்டு, அங்கிருந்து ஓடி, டென்னசி மாநிலத்தில் கடை போட்டு, மனைவி எலைசாவின் உதவியோடு எழுத்தையும் கணக்கையும் தேற்றிக்கொண்டு மேலே வந்தவர். உள்நாட்டுப் போரின்போது பிரிந்துபோன மாநிலங்களின் செனட்டர்களில் பதவியை விடாமல் ஒன்றியத்தின் பக்கம் நின்றவர் இவர் ஒருவர்தான், அதனால்தான் 1864இல் லிங்கன் பக்கத்தில் இடம் கிடைத்தது. துணை அதிபராகப் பதவியேற்ற அன்று உடம்பு சரியில்லை என்று விஸ்கி குடித்துவிட்டு, செனட் அவையில் எல்லோர் முன்னாலும் உளறி மானத்தை வாங்கினார். ஆறு வாரத்தில் அதிபர்! அப்புறம் 1866இல், விடுதலையான அடிமைகளைக் குடிமக்களாக ஏற்று, ஒப்பந்தம் போடவும் சொத்து வாங்கவும் வழக்குத் தொடுக்கவும் உரிமை தரும் சட்டம் மேசைக்கு வந்தது. இது வெள்ளையர்களுக்கு எதிரான பாரபட்சம் என்று சொல்லி நிராகரித்தார் (ஒரு காலத்தில் அவரே அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்). அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவரை மீறி அதை நிறைவேற்றியது. சண்டை முற்றி 1868இல் பதவி நீக்க விசாரணை வரை போனது. செனட்டில் 35க்கு 19, மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு ஓட்டு குறைந்ததால் தப்பினார்.

லிண்டனும் உத்தமர் கிடையாது. 1948இல் டெக்சாஸில் செனட் தேர்தலுக்கான கட்சி வேட்பாளர் போட்டியில் 87 ஓட்டில் ஜெயித்தார். அந்த 87 எங்கிருந்து வந்தது என்றால், ஆலிஸ் என்ற ஊரின் 13ஆம் எண் பெட்டியிலிருந்து. வாக்காளர் பட்டியலின் கடைசியில் தாமதமாக முளைத்த இருநூறு பெயர்கள், அகரவரிசையில், ஒரே மையில். நம் ஊர்க் கள்ள ஓட்டுக்காரர்கள்கூட வரிசையையாவது கலைத்துப் போட்டிருப்பார்கள். காங்கிரஸில் பல வருடம் குடிமை உரிமைச் சட்டங்களை எதிர்த்து ஓட்டுப் போட்டவரும் இவர்தான். ஆனால் இளைஞராக இருந்தபோது கொட்டுல்லா என்ற டெக்சாஸ் ஊரில் ஏழை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவர், பசியோடு பள்ளிக்கு வந்த அந்தப் பிள்ளைகளைப் பற்றி 1965இல் காங்கிரஸிலேயே பேசினார். 1964இல் குடிமை உரிமைச் சட்டம், 1965இல் வாக்குரிமைச் சட்டம், இரண்டிலும் கையெழுத்து இவருடையது. பிறந்த நாட்டை வைத்து ஒதுக்கீடு போட்ட குடியேற்ற முறையை ஒழித்த 1965ஆம் வருடச் சட்டமும் இவர் கையெழுத்திட்டதுதான். இந்திய டாக்டர்களும் இன்ஜினியர்களும் அமெரிக்காவுக்குக் கூட்டமாகப் போக வழி திறந்தது அதற்குப் பிறகுதான்.

ஆண்ட்ரூ மறுத்ததை லிண்டன் கொடுத்து முடிக்க ஏறக்குறைய நூறு வருடம் ஆகியிருக்கிறது. நடுவில் எத்தனையோ பேர் தெருவில் இறங்கி அடிபட்டார்கள், செத்தார்கள், எனவே இதை இரண்டு ஜான்சன்களின் கதையாக மட்டும் சுருக்குவதும் தப்பு.

லிண்டனைக் கவிழ்த்தது வியட்நாம். 1968 மார்ச்சில், கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்த முதல்நிலைத் தேர்தலில், போரை எதிர்த்து நின்ற சொந்தக் கட்சி செனட்டர் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கிவிட்டார், அதிபருக்கே 49தான். அந்த மாதக் கடைசியில், தான் மறுபடி நிற்கப்போவதில்லை என்று லிண்டன் தொலைக்காட்சியில் அறிவித்தார்.

மெக்கார்த்தி என்றதும் கம்யூனிஸ்ட் வேட்டை ஆடிய மெக்கார்த்தியா என்று கேட்பீர்கள். அவர் ஜோசப் மெக்கார்த்தி, விஸ்கான்சின் மாநிலத்துக் குடியரசுக் கட்சிக்காரர், 1957லேயே இறந்துவிட்டார். யூஜின் பக்கத்து மாநிலமான மின்னசோட்டா. இருவரும் 1952இல் ஒரு விவாத நிகழ்ச்சியில் நேருக்கு நேர் மோதியிருக்கிறார்கள். இவர்களும் சொந்தம் கிடையாது.