பீரோவில் முன்னே வந்த பத்திரம்

கேள்வி: என் கணவர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பதினான்கு ஆண்டுகளாகத் தீயணைப்போராகப் பணியாற்றுகிறார். 2023-இல் பழையபேட்டைப் பட்டாசுக் கிடங்கு வெடித்தபோது இடிபாடுகளை அகற்றியவர்களில் அவரும் ஒருவர். அதன் பிறகு கறிக்குழம்பு வாசனை வந்தாலே சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவார், மற்றபடி சமாளித்துவந்தார். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு விவசாயக் கிணற்றிலிருந்து பத்து வயதுச் சிறுவனின் உடலை மேலே கொண்டுவந்தார். எங்கள் மகனுக்கும் அதே வயது. அன்றிலிருந்து தூக்கமில்லை, குடி கூடிவிட்டது, மகனின் முகத்தைப் பார்ப்பதையே தவிர்க்கிறார். போன வாரம் எல்.ஐ.சி. பத்திரத்தையும் வங்கிப் புத்தகத்தையும் பீரோவில் முன்னால் எடுத்து வைத்து, "நான் இல்லேன்னாலும் வீட்டுக் கடன் அடைஞ்சிடும்" என்றார். நேராகக் கேட்டால் இல்லாத நினைப்பை நானே உண்டாக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மருத்துவரிடம் போனால் வேலைக்கு ஆபத்து வருமா? மாமியார் இதைக் காத்துக் கருப்பு என்கிறார். மகனிடம் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காவேரிப்பட்டணம்)

பதில்: அன்புச் சகோதரிக்கு, தூக்கமின்மையையும் குடியையும்விட அந்தப் பத்திரம்தான் என்னைக் கவலைகொள்ள வைக்கிறது. தான் குடும்பத்துக்குப் பாரம் என்றும், தான் இல்லாவிட்டால் மற்றவர்கள் நன்றாக இருப்பார்கள் என்றும் ஒருவர் கணக்குப் போடத் தொடங்குவதும், காகிதங்களை ஒழுங்குபடுத்துவதும் தற்கொலை எண்ணத்தின் தெளிவான அறிகுறிகள். ஆகவே இந்தப் பதில் அச்சாகும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாதென்று, முக்கியமானவற்றை உங்களுக்கு முன்பே தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். இங்கே விரிவாக எழுதுவது, இதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்காகவும்தான்.

கேளுங்கள், நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை மனநல மருத்துவம் உறுதியாகச் சொல்கிறது. ஏற்கெனவே அதைத் தனியாகச் சுமப்பவருக்கு, ஒருவராவது கேட்டார் என்பதே பெரிய ஆறுதல். அவர் குடிக்காத வேளையில், மகன் பக்கத்தில் இல்லாதபோது, "ஏங்க, செத்துப்போயிடலாம்னு உங்களுக்குத் தோணுதா?" என்று சுற்றிவளைக்காமல் கேட்டுவிட்டு, பதில் வர எவ்வளவு நேரமானாலும் பேசாமல் உட்கார்ந்திருங்கள். "பிள்ளையை நினைச்சுப் பாருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளையை அவர் நினைத்துக்கொண்டேதான் இருக்கிறார். தன் மகனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கிணற்றுச் சிறுவனின் முகம் குறுக்கே வருவதால்தான் ஒதுங்குகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தோன்றுகிறது என்று அவர் சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள். உங்கள் பக்கம் மாந்தோப்பு இல்லாத குடும்பம் குறைவு. வீட்டிலோ மோட்டார் கொட்டகையிலோ பூச்சிமருந்து இருந்தால் அதை இன்றைக்கே வேறொருவர் பொறுப்பில், பூட்டும் சாவியுமாக ஒப்படைத்துவிடுங்கள். அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடக் கூடியது என்பதால், கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாதிருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. குடித்திருக்கும் இரவில் அந்த வேகம் கூடும். அப்போது குடியைப் பற்றிச் சண்டை வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். நிலைமை கைமீறுவதாகத் தெரிந்தால் 108-ஐ அழையுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அவர் பேச மறுத்தால் நீங்களே பேசி வழி கேட்கலாம்.

அவருக்கு இருப்பது கோழைத்தனமும் அல்ல, காத்துக் கருப்பும் அல்ல. பார்த்த காட்சி விழிப்பிலும் கனவிலும் திரும்பத் திரும்ப வருவதும், அதை நினைவூட்டும் வாசனையையும் முகத்தையும் தவிர்ப்பதும், உடல் எப்போதும் திடுக்கிடத் தயாராக இருப்பதும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்பார்கள். உறுதியாகச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் நீங்கள் எழுதியவை அந்தத் திசையையே காட்டுகின்றன. பழையபேட்டையில் அந்த ஜூலை 29 அன்று 9 பேர் இறந்தார்கள். அதை மனதில் போட்டு மூடிவைத்தவருக்குக் கிணறு அந்த மூடியைத் திறந்துவிட்டிருக்கலாம். மாமியார் கயிறு கட்டச் சொன்னால் கட்டிக்கொள்ளட்டும், அதில் சண்டை எதற்கு? கோயிலிலிருந்து நேராக மருத்துவமனைக்குப் பேருந்து ஏறினால் சரி.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களையும் அங்கேயே விசாரிக்கலாம். ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அவர் தயங்கினால், பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவமனை ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. மாத்திரை வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும். "ஒரு வாரம் சாப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்திவிட விடாதீர்கள். அந்த நினைவைப் பாதுகாப்பாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையும் உண்டு. ஆனால் கண்டதையெல்லாம் சொல்லச் சொல்லி வீட்டில் வற்புறுத்துவது சிகிச்சையாகாது.

வேலையைப் பற்றி: சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்க 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. மனநோயையும் உள்ளடக்கிய 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகும் அரசு ஊழியரைப் பணிநீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. நிலைய அலுவலரிடம் போவதற்கு முன், அவர் 'அண்ணா' என்று அழைக்கும் மூத்த தோழர் ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கயிறும் மேலே அதைப் பிடிக்க ஆளும் இல்லாமல் உங்கள் கணவர் யாரையும் கிணற்றுக்குள் இறக்கமாட்டார். அந்தப் பேச்சை அவருடைய தோழர் எடுத்தால், நானும் நீங்களும் சொல்வதைவிட விரைவாகப் புரிந்துகொள்வார்.

துறையைப் பற்றியும் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஒவ்வோர் ஏப்ரல் 14 அன்றும், 1944-இல் மும்பைத் துறைமுக வெடிவிபத்தில் உயிர்நீத்த தீயணைப்போருக்கு நிலையங்களில் மலர்வளையம் வைக்கிறார்கள், வைக்கத்தான் வேண்டும். ஆனால் குழந்தையின் உடலைத் தூக்கிவந்தவரை மறுவாரம் அழைத்து, "தூங்குகிறாயா?" என்று கேட்பதும் பம்பையும் ஹோஸையும் சரிபார்ப்பதுபோல் வழக்கமாக வேண்டும்.

உங்கள் மகனுக்கு விவரமெல்லாம் தேவையில்லை. ஆனால் பத்து வயதில், அப்பா தன்னிடம் முகம்கொடுக்காததற்குத் தானே காரணம் என்று எண்ணிக்கொள்வான். "அப்பா வேலையில பார்த்த ஒண்ணு அவர் மனசை விட்டுப் போகலை, டாக்டர்கிட்ட காட்டப்போறோம், உன்மேல அவருக்குக் கோபம் இல்லை" என்று இன்றிரவே அவனிடம் சொல்லிவிடுங்கள்.