மணல்மேட்டு அரணை – கடிதம்

வணக்கம் ஐயா,

எங்கள் வீடு அளம்பில் கரையோரம். வாடிக்குப் பின்னால் இருக்கிற மணல்மேட்டில் சின்ன அரணை ஒன்று ஓடித் திரிகிறது. முதுகில் கோடு கோடாக இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். வீட்டு வளவுக்குள் வருகிற அதே அரணைதானா, வேறு இனமா? கடித்தால் ஆள் தப்பாது, அடி என்கிறா அம்மம்மா.

– ஒரு வாசகர், முல்லைத்தீவு

அன்புள்ள தம்பி,

அடிக்க வேண்டாம். எந்த அரணைக்கும் விஷம் இல்லை. ‘அரணை கடித்தால் மரணம்’ என்று யாரோ எதுகைக்குச் சொல்லிவைக்க, அந்தப் பழி அதை இன்னும் விடவில்லை. அம்மம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்கள் படத்தில் நடுமுதுகில் வெளிறிய பட்டை, அதன் இரண்டு ஓரமும் கறுப்பு. விலாவில் கரும்பழுப்புப் பட்டை, அதற்கு மேலும் கீழும் வெள்ளைக் கோடு. வளவு அரணைக்கும் பக்கவாட்டில் வெளிர்க்கோடு ஓடும், ஆனால் இந்த நடுப்பட்டை இராது. அதனால் இது பெரும்பாலும் கரையோர அரணைதான். விலங்கியலில் யூட்ரோபிஸ் பிப்ரோனி. ‘பிப்ரோனி’ என்பது பிரெஞ்சு விலங்கியலாளர் பிப்ரோனைச் சிறப்பித்து 1838இல் ஆங்கிலேய விலங்கியலாளர் கிரே வைத்த பெயர். இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. வால் நீங்கலாக இரண்டு அங்குலம் வந்தாலே பெரிய ஆள்.

‘பெரும்பாலும்’ என்று இழுப்பதற்குக் காரணம், நிறத்தை மட்டும் நம்ப முடியாது. கண்ணைப் பார்க்க வேண்டும். அரணை கண் மூடும்போது கீழிமைதான் மேலே எழும். வளவு அரணையின் கீழிமை முழுக்கச் செதில். கரையோர அரணையின் கீழிமையில் கண்ணாடி பதித்ததுபோல் ஒளி புகும் வட்டம் ஒன்று இருக்கும். இமையை மூடினாலும் வெளிச்சம் தெரியும். சோளகக் காற்றில் மணல் பறக்கிற கரையில் இதைவிடத் தோதான இமை வேறென்ன வேண்டும்! அதன் முதுகுச் செதில் ஒவ்வொன்றிலும் வரம்பு வரம்பாக மேடு இருக்கும், பெரும்பாலும் ஐந்து. ஆனால் அதை எண்ண பூதக்கண்ணாடி வேண்டும், விடுங்கள்.

கரையோரம் என்றதும் அலை அடிக்கிற ஈர மணலில் தேடாதீர்கள். அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்துக் கிடக்கிற காய்ந்த மணல்தான் அதற்கு இடம். பூச்சிக்கும் பஞ்சமில்லை, ஒளிக்கப் புதரும் கிட்ட.

பிடித்துப் பார்க்கவும் வேண்டாம், வாலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். புது வால் முளைக்கும், பழைய கோடுகள் சரியாக வராது. காலை வெயிலில் அது காய்கிறபோது சற்றுத் தள்ளி உட்கார்ந்து, தலையைப் பக்கவாட்டில் எடுங்கள். கண் தெளிவாக விழுந்தால் அனுப்புங்கள், ‘பெரும்பாலும்’ என்பதை எடுத்துவிடலாம்.