பழைய லயத்துக்குப் போன கடிதங்கள்

கேள்வி: எங்கள் முறுக்குக் கடை இணையத்தளத்தைத் தம்பி புதிதாக எழுதித் தந்தான். நிரல் சுத்தம், பக்கம் சட்டென்று திறக்கிறது. கூகுளில்தான் எங்களைக் காணோம். ஏன் அண்ணா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நிரல் அழகுக்கென்று கூகுள் தனியாக மதிப்பெண் போடுவதில்லை, தங்கச்சி. வேகத்தைக் கொஞ்சம் பார்க்கும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது. எனக்குச் சந்தேகம் பக்கங்களின் முகவரி மேல்தான். தளத்தைப் புதிதாக எழுதியபோது அவை மாறியிருக்கலாம். தோட்ட லயத்திலிருந்து தாமான் குடியிருப்புக்கு மாறியபோது அப்பா தபால்காரரிடம் சொல்ல மறந்தார். கடிதமெல்லாம் பழைய லயத்துக்கே போனது. அதே கதை. பழைய பக்கம் ஒவ்வொன்றிலிருந்தும் அதற்குரிய புதுப் பக்கத்துக்கு 301 திருப்பிவிடல், அதாவது ‘இந்த முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது’ என்று சொல்லிப் புது இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு, போடச் சொல்லுங்கள். ஒரு வருடமாவது இருக்கட்டும். அப்புறம், ‘இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே’ என்று கூகுளிடம் சொல்ல, சோதனைக்குப் போட்ட ‘நோஇண்டெக்ஸ்’ குறி இன்னும் கிடக்கிறதா என்றும் கேளுங்கள். நானே ஒருமுறை அதை எடுக்க மறந்து இரண்டு வாரம் முழித்தேன்.